பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப், அதிக உணர்திறன் ஸ்பீக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்களையும் ரிசீவர்களையும் (ரேடியோவும் ஆம்பும் ஒன்றான பெட்டி) ஹார்ன் ஸ்பீக்கரோடோ, பெரிய ஊஃபர் (பேஸ் தரும் கூம்பு) உள்ள அதிக உணர்திறன் ஸ்பீக்கரோடோ (குறைந்த வாட்டிலேயே அதிக சத்தம் தருவது) இணைக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. இந்த ஜோடியில் வாட் கணக்கைக் கடைசியாகப் பார்த்தால் போதும். ஒரு வாட்டின் நூறில் ஒரு பங்கை ஆம்ப் எவ்வளவு சுத்தமாகவும் அமைதியாகவும் தருகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

எந்த எண்ணுக்கு மேல் இருந்தால் அதிக உணர்திறன் என்று சொல்லலாம்?

ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளக்கும்போது 95 டெசிபெலும் அதற்கு மேலும் வந்தால் இந்தப் பக்கத்தில் உள்ளவை உங்களுக்குப் பொருந்தும். அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84 முதல் 88 வரை இருக்கும். முழு ஹார்ன் வடிவமான க்ளிப்ஷ் லா ஸ்காலாவுக்கு 104 என்று குறிப்பிடப்பட்டிருந்தது. பத்து டெசிபெல் வித்தியாசம் என்றால் அதே சத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சக்தி போதும் என்று அர்த்தம்.

எண்ணைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இப்போதெல்லாம் 2.83 வோல்ட் கொடுத்து அளந்த எண்ணையே போடுகிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் அது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதே வோல்டேஜ் 2 வாட் ஆகிவிடும். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட்டில் 96 என்று போட்டிருந்தால், வாட் கணக்கில் அது 93தான்.

எத்தனை வாட் ஆம்ப் வேண்டும்?

98 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அறையில், 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, இரண்டு ஸ்பீக்கரும் பாடும்போது தூரத்தால் சுமார் 5 டெசிபெல் குறையும். அதாவது சேனலுக்கு 1 வாட்டில் காதுக்கு 93 வருகிறது. இசையின் உச்சங்கள் 105ஐத் தொட இன்னும் 12 டெசிபெல் வேண்டும். அது 16 வாட். 20 முதல் 45 வாட் ஆம்ப் ஒன்று நல்ல நிலையில் இருந்தால் தாராளம்.

பெரிய ஆம்ப் இருந்தால் தப்பில்லை. ஆனால் 160 வாட் ரிசீவரை 100 டெசிபெல் ஸ்பீக்கரோடு இணைத்தால், ஒரு மீட்டரில் 122 டெசிபெல் வரை போக வழி இருக்கிறது. 100 டெசிபெலில் பாதுகாப்பான நேரமே ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷின் பரிந்துரை. தவறிப்போய் குமிழைத் திருப்பினால் காதும் போகும், ஸ்பீக்கரும் போகும்.

இன்னொன்று: 1974இல் அமெரிக்காவில் வாட் விளம்பர விதி வருவதற்கு முன் 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று ஊதிப் பெருக்கிய எண்கள் நிறைய. அந்தக் காலத்து அட்டையில் உள்ள வாட் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

பாட்டு நின்றதும் 'உஸ்' என்று கேட்கிறது. ஆம்ப் கெட்டுப்போய்விட்டதா?

அவசியம் இல்லை. ஆம்பின் வெளியீட்டில் எப்போதும் கொஞ்சம் மிச்ச இரைச்சல் இருக்கும். அது அரை மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டால், 87 டெசிபெல் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 12 டெசிபெல் சத்தம்தான் வரும், யாருக்கும் கேட்காது. அதே அரை மில்லிவோல்ட் 100 டெசிபெல் ஸ்பீக்கரில் 25 டெசிபெல். இரவின் அமைதியில் ஹார்ன் அருகே போனால் கேட்கும், உட்காரும் இடத்தில் பெரும்பாலும் கேட்காது. 2 மில்லிவோல்ட் என்றால் 37 டெசிபெல். அது சோபாவிலேயே கேட்கும், ஏற்க முடியாது.

அளக்கும் முறை: இன்புட் செலக்டரை எதுவும் செருகாத ஆக்ஸ் இன்புட்டில் வையுங்கள். முடிந்தால் அந்த ஜாக்கில் உள்முனையையும் வெளி வளையத்தையும் இணைத்த பிளக்கை (ஷார்ட் பிளக்) செருகுங்கள். ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம், 10 வாட் ரெசிஸ்டர். வால்யூம் பூஜ்யம். மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்துப் படியுங்கள். சாதாரண மீட்டர் கீழ்ஸ்தாயி இரைச்சலைச் சரியாகக் காட்டும். 'உஸ்' போன்ற மேல்ஸ்தாயி இரைச்சலைக் குறைத்தே காட்டும். ஆகவே மீட்டரோடு காதையும் நம்புங்கள்.

இரைச்சல் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றிப் பாருங்கள். கூடவே இரைச்சலும் ஏறினால் அது வால்யூமுக்கு முன்னால், அதாவது முன்நிலையிலோ (பிரீஆம்ப் பகுதி) சோர்ஸிலோ (பாட்டைத் தரும் கருவி) இருக்கிறது. மாறவே இல்லையென்றால் வால்யூமுக்குப் பின்னால். பின்பக்கம் பிரீ அவுட் (முன்நிலையின் வெளியீடு), மெயின் இன் (பவர் ஆம்பின் உள்ளீடு) என்று இரண்டு ஜோடி ஜாக்கும் நடுவே வளைந்த உலோகத் துண்டும் இருக்கும் ஆம்பானால், ஆம்பை அணைத்துவிட்டு அந்தத் துண்டைக் கழற்றி, மெயின் இன்னில் ஷார்ட் பிளக் போட்டு மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் இருக்கும் இரைச்சல் பவர் ஆம்புடையது.

சத்தத்தின் தன்மையும் துப்பு கொடுக்கும். தட்டையான 'ம்ம்' 50 ஹெர்ட்ஸ் (60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 60) என்றால் எர்த் லூப்போ (இரண்டு கருவிகளின் எர்த் வழியே உருவாகும் சுற்று), டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் போகும் சிக்னல் வயரோ காரணம். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்பாக 100 ஹெர்ட்ஸ் (அல்லது 120) கேட்டால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வற்றியிருக்கலாம். 'படபட', 'கரகர' என்று ஒழுங்கில்லாமல் வெடித்தால், பெரும்பாலும் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றுக்குள் கசிவு. 2எஸ்சி458 இதற்குப் பேர்போனது. கால்கள் கறுத்திருந்தால் யோசிக்காமல் மாற்றலாம். கேஎஸ்சி1845 போன்ற குறைந்த இரைச்சல் வகையைப் போடும்போது கால்களின் வரிசையைத் தரவுத்தாளில் பார்த்தபிறகே சால்டர் வையுங்கள்.

எந்த டிரான்சிஸ்டர் என்று தெரியாவிட்டால் உறைய வைக்கும் ஸ்பிரேயை ஒவ்வொன்றின் மேலும் ஒரு நொடி அடியுங்கள். குற்றவாளி மேல் பட்டதும் வெடிப்பு நிற்கும் அல்லது தன்மை மாறும்.

எர்த் லூப்பை நிறுத்த எர்த் பின்னை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது உயிர் ஆபத்து. கம்ப்யூட்டர் போன்ற எர்த் உள்ள சோர்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவே லைன் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதே முறை.

வால்யூம் எட்டு மணி நிலையைத் தாண்டவே முடியவில்லை. ஒரு பக்கம் சத்தம் குறைவாகவும் இருக்கிறது.

இந்த ஜோடியில் அதிகம் பேர் சந்திக்கும் தொல்லை இதுதான். தீர்ப்பதும் எளிது, செலவும் மிகக் குறைவு.

பழைய ஆம்பின் ஆக்ஸ், டேப் இன்புட்கள் சுமார் 150 மில்லிவோல்ட்டுக்கே முழு வாட்டையும் கொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. இன்றைய டாக்கும் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) சிடி பிளேயரும் 2 வோல்ட் தருகின்றன. 22 டெசிபெலுக்கு மேல் அதிகம். அதன் மேல் ஸ்பீக்கர் இன்னொரு 10 டெசிபெல் சேர்க்கிறது. விளைவாக குமிழின் முதல் ஒரு மில்லிமீட்டரிலேயே வீடு அதிர்கிறது. இரட்டைக் கார்பன் வால்யூம் கன்ட்ரோலின் இரு தடங்களும் ஒத்துப்போகாத இடமும் அதே ஆரம்பப் பகுதிதான். அதனால்தான் ஒரு பக்கம் தூங்குகிறது.

மருந்து, ஒரு சின்ன அட்டென்யுவேட்டர். சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர்: சிக்னல் பாதையில் 10 கிலோஓம், அதற்குப் பின் கிரவுண்டுக்கு 3.3 கிலோஓம். கால் வாட் மெட்டல் ஃபிலிம், 1 சதவீதம். இது சிக்னலைச் சுமார் 12 டெசிபெல் குறைக்கும். 47 கிலோஓம் இன்புட்டில் செருகும்போது இன்னும் அரை டெசிபெல் கூடக் குறையும். இரண்டு சேனலுக்கும் ஒரே மதிப்பு வரும்படி ரெசிஸ்டர்களை மீட்டரில் அளந்து ஜோடி சேருங்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். சோர்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்தால் குமிழ் நல்ல இடத்துக்கு வரும், ஆனால் முன்நிலையின் இரைச்சல் அப்படியே இருக்கும். பிரீ அவுட்டுக்கும் மெயின் இன்னுக்கும் நடுவே வைத்தால் குமிழும் சரியாகும், முன்நிலையின் 'உஸ்'ஸும் 12 டெசிபெல் இறங்கும். ஜாக் வசதி இருந்தால் இரண்டாவது இடமே மேல். ஒரு எச்சரிக்கை மட்டும்: பிரீ அவுட்டில் 1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர்தான் (டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடுவது) இருந்தால், 13 கிலோஓம் சுமையில் அது 12 ஹெர்ட்ஸிலேயே குறைக்கத் தொடங்கும். அதை 4.7 மைக்ரோஃபாரட்டாக மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை.

லவுட்னஸ் பட்டனைப் போட்டால் பேஸ் வீங்குகிறதே?

லவுட்னஸ் சுற்று, குமிழ் கீழே இருந்தால் சத்தமும் குறைவாக இருக்கும் என்று நம்பி, அங்கே பேஸை அதிகமாக ஏற்றுகிறது. உங்கள் அமைப்பில் குமிழ் கீழே இருக்கிறது, சத்தமோ குறைவாக இல்லை. மேலே சொன்ன அட்டென்யுவேட்டரை வைத்ததும் லவுட்னஸ் மறுபடி பயனுள்ளதாகிவிடும்.

மெல்லிய சத்தத்தில் குரல் கரடுமுரடாக, வயலின் மணல்போலக் கேட்கிறது. ஏன்?

பயஸ் கரன்ட் தவறியிருக்கிறது. மற்ற எதையும்விட இதில்தான் நேரம் செலவிட வேண்டும்.

ஏபி வகை ஆம்பில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் தாங்குகின்றன. பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒன்று கைமாற்றி மற்றொன்று வாங்க வேண்டும். சும்மா இருக்கும்போதும் இரண்டிலும் ஓடும் சின்னக் கரன்ட்தான், அதாவது பயஸ்தான், அந்தக் கைமாற்றத்தை மென்மையாக்குகிறது. அது குறைந்துபோனால் அலை ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தில் இடறும். சத்தம் அதிகமாக இருந்தால் இந்த இடறல் பெரிதாகத் தெரியாது. ஆனால் 100 டெசிபெல் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 75 டெசிபெல் கேட்க 3 மில்லிவாட்தான் போகிறது, வெறும் 0.16 வோல்ட். அந்த அளவில் இடறல் சிக்னலின் கணிசமான பங்கு.

இதன் மறுபக்கம் மகிழ்ச்சியானது. பயஸ் 30 மில்லிஆம்பியர் இருந்தால், 60 மில்லிஆம்பியர் உச்சம் வரை ஆம்ப் ஏ வகையாகவே (இரண்டு டிரான்சிஸ்டரும் அணையாமல்) ஓடுகிறது. 8 ஓமில் அது 14 மில்லிவாட். 100 டெசிபெல் ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட 82 டெசிபெல்! அன்றாடம் கேட்கும் சத்தம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். 87 டெசிபெல் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு இதே ஆம்ப் 69 டெசிபெலிலேயே ஏ வகையை விட்டு வெளியேறிவிடும். இந்த ஜோடியை விரும்புவதற்கு மிக வலுவான காரணம் இது.

பயஸை எப்படிச் சரிசெய்வது?

சர்வீஸ் மேனுவலில் அளவும் அளக்கும் புள்ளியும் இருக்கும். பொதுவாக வெளியீட்டு டிரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டர் (0.22 முதல் 0.47 ஓம்) மேல் டிசி மில்லிவோல்ட் அளப்பார்கள். 0.47 ஓமில் 14 மில்லிவோல்ட் என்றால் 30 மில்லிஆம்பியர்.

ஆம்ப் அணைந்திருக்கும்போதே மீட்டரின் வயர்களைச் சின்னக் கிளிப்பால் மாட்டிவிடுங்கள். ஓடும் ஆம்பில் முனையைக் கையால் பிடித்துச் சறுக்கவிட்டால் ஒரு நொடியில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போய்விடும். ஸ்பீக்கர்களைக் கழற்றுங்கள், வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள், பயஸ் டிரிம்பாட்டை (திருகித் திருப்பும் சின்ன ரெசிஸ்டர்) மேனுவல் சொல்லும் குறைந்த கரன்ட் பக்கம் திருப்புங்கள். முதல் முறை 60 வாட் இழை பல்பு ஒன்றை மெயின்ஸுடன் தொடராக இணைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். பெரிய ரிசீவருக்கு 100 வாட் பல்பு வேண்டியிருக்கும்.

பல்பு இருக்கும்வரை உள்ளே வோல்டேஜ் குறைவு. ஆகவே இறுதி அளவை நேரடி மின்சாரத்தில்தான் வைக்க வேண்டும். 20 நிமிடம் சூடாக விடுங்கள். டிரிம்பாட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் காத்திருங்கள். மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சூட்டில் ஏறியிருந்தால் குறையுங்கள்.

திறந்த வகைப் பழைய டிரிம்பாட்டை அப்படியே விட வேண்டாம். அதன் நடுத்தொடுப்பு விட்டுப்போனால் பல சுற்றுகளில் பயஸ் முழுதாக ஏறி, வெளியீடு எரிந்துவிடும். மூடிய செர்மெட் வகையை, அதே ஓமில், போடுங்கள்.

பயஸ் அதிகமாக அதிகமாக நல்லது என்பதும் இல்லை. எமிட்டர் ரெசிஸ்டர் ஒவ்வொன்றிலும் 25 மில்லிவோல்ட் தாண்டினால் கைமாற்றத்தில் வேறுவிதமான சிதைவு தொடங்குகிறது. சூடும் சேரும்: கூட்டல் கழித்தல் 40 வோல்ட் ரெயிலில் (ஆம்பின் உள் மின்வழங்கல்) 30 மில்லிஆம்பியருக்குச் சேனலுக்கு 2.4 வாட் வெப்பம். மேனுவல் அளவிலேயே நிற்பதுதான் பெரும்பாலான ஆம்ப்களுக்கு நல்லது.

டிசி ஆஃப்செட் (பாட்டு இல்லாதபோதும் வெளியீட்டில் நிற்கும் டிசி வோல்டேஜ்) எவ்வளவு இருக்கலாம்?

ஸ்பீக்கர் இல்லாமல், ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி மில்லிவோல்ட் அளந்தால் 20க்குள் இருப்பது நல்லது, 50 வரை பொறுத்துக்கொள்ளலாம். 100ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் முதல் நிலை டிரான்சிஸ்டர் ஜோடி சமன் இழந்திருக்கும்.

1967இல் வந்த க்வாட் 303 போன்றவற்றில் வெளியீட்டிலேயே பெரிய கெப்பாசிட்டர் இருப்பதால் டிசி வராது. அது வயதாகிக் கசிந்தால் மட்டும் வரும். 2000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 8 ஓமில் 10 ஹெர்ட்ஸ் வரை போகும், 4 ஓமில் 20 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

ஆன் செய்ததும் 'டப்' என்று ஊஃபர் குதிக்கிறது. ஆபத்தா?

ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதமாக இணைக்கும் ரிலே இல்லாத ஆம்ப்களில் ஓரளவு இயல்பு. ட்வீட்டருக்கும் ஹார்ன் டிரைவருக்கும் முன்னால் கிராஸோவரில் (ஒலியை ஸ்தாயிவாரியாகப் பிரித்து அனுப்பும் சுற்று) கெப்பாசிட்டர் இருப்பதால் அடி ஊஃபர் மேல்தான் விழும். கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சென்டிமீட்டர் பாய்ந்தால், 3 முதல் 5 நொடித் தாமதமும் டிசி கண்டுபிடிக்கும் வசதியும் உள்ள பாதுகாப்பு போர்டு ஒன்றைச் சேருங்கள். விலையுயர்ந்த பழைய ஊஃபரின் காயிலை இழப்பதைவிட அது மலிவு.

மெல்லிய சத்தத்தில் ஒரு சேனல் மறைந்துபோகிறது. வால்யூமை ஏற்றினால் வந்துவிடுகிறது.

ரிலே தொடுமுனைகளில் ஆக்சைடு படிந்திருக்கிறது. கரன்ட் அதிகமாகப் போனால் அந்தப் படலம் உடைந்து வழிவிடும். உங்கள் ஸ்பீக்கர் மிகக் குறைந்த கரன்ட்டிலேயே பாடுவதால் தொடுமுனை தானாகச் சுத்தமாக வாய்ப்பே இல்லை. அரம் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். அதே காயில் வோல்டேஜ், அதே கால் அமைப்பு உள்ள புது ரிலேயை மாற்றுங்கள். ஸ்பீக்கர் ஏ, பி சுவிட்ச், டேப் மானிட்டர் சுவிட்ச், பிரீ அவுட் உலோகத் துண்டு ஆகியவற்றிலும் இதே நோய் வரும். அங்கே கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது முறை இயக்கினால் போதும்.

வால்வ் ஆம்பில் இருந்த பேஸ் இதில் இல்லை. என்ன செய்யலாம்?

கனமான காந்தம் உள்ள ஊஃபர்களை டிரான்சிஸ்டர் ஆம்ப் இறுக்கிப் பிடிக்கிறது. வால்வ் ஆம்பின் வெளியீட்டு ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம், இரண்டு ஓம் என்று இருப்பதால் அதே ஊஃபர் தளர்ந்து பேஸ் கூடுகிறது. ஸ்பீக்கர் வயரில் தொடராக 1 ஓம், 20 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் வைத்துப் பாருங்கள். காயில் ரெசிஸ்டன்ஸ் 6 ஓமாக இருந்தால் ஊஃபரின் மின் க்யூ (கூடக்கூட ஆம்பின் பிடி தளரும் என்பதைக் காட்டும் எண்) ஆறில் ஒரு பங்கு கூடும், மொத்தச் சத்தம் ஒரு டெசிபெல் குறையும். ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் ஏறி இறங்கும் இடங்களில் ஒலியின் நிறமும் சற்று மாறும். பிடித்தால் வையுங்கள், இரண்டு ஓமுக்கு மேல் போனால் பேஸ் குழைந்துவிடும். அதற்கும் முன்னால், ஸ்பீக்கரைச் சுவர் மூலைக்கு நகர்த்திப் பாருங்கள்.

எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மொத்தமாக மாற்றும்போது புதுத் தவறுகள் நுழைகின்றன. சிக்னல் பாதையில் உள்ள சின்ன எலக்ட்ரோலிட்டிக்குகள் முதலில். 1 மைக்ரோஃபாரட் வரை ஃபிலிம் வகை போடலாம். டான்டலம் இருந்தால் அதையும் மாற்றுங்கள், அது ஷார்ட் ஆகிச் சாகும் பழக்கம் உள்ளது. பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரை, 100 ஹெர்ட்ஸ் இரைச்சலோ வீக்கமோ கசிவோ இருந்தால் மாற்றுங்கள். வோல்டேஜ் பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ, மைக்ரோஃபாரட் 20 சதவீதம் கூடினால் பரவாயில்லை. கை வைக்கும் முன் 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டரால் மின்னிறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்துக்கொள்ளுங்கள்.

16 ஓம் ஸ்பீக்கரை இணைக்கலாமா? 4 ஓம்?

16 ஓம் தாராளமாக. வாட் பாதியாகும், ஆம்ப் குளிர்ச்சியாக ஓடும். 4 ஓமுக்குப் பின்பக்கம் அனுமதி எழுதியிருக்கிறதா பாருங்கள். ஸ்பீக்கர் ஏ, பி சுவிட்ச் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பல ரிசீவர்களில் இரண்டும் பேரலலாகி 8 ஓம் ஜோடிகள் 4 ஓமாகிவிடும்.

எந்த ஆம்பைத் தேடலாம்?

சேனலுக்கு 20 முதல் 45 வாட், பிரீ அவுட் மெயின் இன் வசதி, சர்வீஸ் மேனுவல் கிடைப்பது, இந்த மூன்றும் இருந்தால் பெயரைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 45 வாட் க்வாட் 303இல் பயஸ் சூட்டோடு அலையாமல் நிலையாக நிற்கும். இந்த ஸ்பீக்கர்களுக்கு அது பெரிய வரம். 1978இல் வந்த 20 வாட் நாட் 3020ம் போதுமானது. ஏ வகையிலேயே ஓடும் சக்டன் ஏ21 கிடைத்தால் கைமாற்றப் பேச்சே இல்லை, ஆனால் எப்போதும் சூடாக இருக்கும், சுற்றிக் காற்றோட்டம் விட வேண்டும். எஸ்டிகே மாடியூல் (பவர் ஆம்ப் சுற்றை ஒரே துண்டில் அடக்கிய பாகம்) உள்ளவற்றில் மாடியூல் போனால் அசலைத் தேடுவது கடினம், போலிகள் அதிகம்.

ஹார்னுக்குத் தனி ஆம்ப் வைத்து, ஆக்டிவ் கிராஸோவரில் (ஆம்புக்கு முன்னாலேயே ஒலியைப் பிரிக்கும் கருவி) ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் ஹார்ன் டிரைவரை நேரடியாகப் பழைய ஆம்பில் மாட்டாதீர்கள். நடுவில் இருந்த கிராஸோவர் கெப்பாசிட்டர் போய்விட்டதால் ஆன் செய்யும் அடியும் டிசியும் நேராக டயஃப்ரத்தில் விழும். கிராஸோவர் 800 ஹெர்ட்ஸ் என்றால் அதில் கால் பங்கு, 200 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்ட பாதுகாப்புக் கெப்பாசிட்டரைத் தொடராக வையுங்கள்: 8 ஓம் டிரைவருக்கு 100 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் ஃபிலிம் வகை. இரைச்சலும் முழுதாக ஹார்னுக்கே போவதால், டிரைவருக்கு முன் 6 டெசிபெல் எல்-பேட் (சத்தத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஜோடி) ஒன்றும் வையுங்கள்: தொடராக 4 ஓம், டிரைவருக்கு இணையாக 8 ஓம், இரண்டும் 10 வாட். ஆம்பிலிருந்து கெப்பாசிட்டர், அதன்பின் எல்-பேட், கடைசியில் டிரைவர் என்பதே வரிசை. பேட் இருக்கும்போதும் ஆம்ப் பார்க்கும் சுமை 8 ஓம்தான், ஆகவே கெப்பாசிட்டர் கணக்கு மாறாது. குறைந்த 6 டெசிபெலை ஆக்டிவ் கிராஸோவரின் ஹார்ன் பக்க லெவலில் ஈடுகட்டிக்கொள்ளுங்கள்.